அடர்த்தியான மார்பகம்: அல்ட்ராசவுண்ட் யாருக்கு, எப்போது, எப்படி? கல்வராயன் மலைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ 'ஸ்கேன்' என்றால் மாசமாக இருக்கும் பெண் எடுப்பது என்றுதான் பொருள். மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய், வயிற்றில் ஜெல் தடவி எடுத்துவரும் படம் பல வீடுகளுக்குப் பழகிய விஷயம். அல்ட்ராசவுண்ட் எனப்படும் அதே கருவி மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆனால் "எதுக்கும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்" என்று கிளம்புகிற பரிசோதனை இல்லை இது. இதற்கு முன்னால் சில படிகள் உண்டு, பின்னாலும் உண்டு. வரிசை தெரியாமல் எடுத்தால் காசும் ஒரு நாள் கூலியும் போகும். அதைவிட ஆபத்து, 'ஒண்ணுமில்லை' என்ற பொய்யான தைரியம்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்குத்தான் முதலிடம். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் நாட்டில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் வந்தது; சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், கட்டி பெரிதான பிறகே பலர் மருத்துவமனைக்கு வருவது.

## தொடங்கும் முன்: அடர்த்தி என்றால் என்ன?

மார்பகத்துக்குள் இரண்டு வகைத் திசுக்கள் உண்டு. ஒன்று கொழுப்பு. மற்றொன்று பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும். இரண்டாவது வகை மிகுந்திருந்தால் அதை 'அடர்த்தியான மார்பகம்' என்கிறார்கள். இது நோய் கிடையாது. நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடர்த்தி அதிகம் என்று மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. இளம் வயதில் கூடுதலாக இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் குறையும்.

மார்பகத்தின் அளவுக்கும் அடர்த்திக்கும் தொடர்பில்லை. தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது. கெட்டியாக இருக்கிற மார்பகம் படத்தில் கொழுப்பாகத் தெரியலாம். மெத்தென்று இருப்பது அடர்த்தியாக இருக்கலாம். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

அடர்த்தியால் வரும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் அடர்த்தியான திசு வெள்ளையாகவும் விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளையாகவே விழும். மார்கழிப் பனிமூட்டத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர் எதிரே வந்தாலும் தெரியாததுபோல, வெள்ளைக்குள் வெள்ளை மறைந்துவிடுகிறது. இரண்டாவது, அடர்த்தி மிக அதிகமாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது.

அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளால் வேலை செய்கிறது. அதில் சுரப்பித் திசு பெரும்பாலும் வெளிறியும் கட்டி கறுத்தும் தெரியும். எனவே எக்ஸ்ரேயில் மறைந்தது இங்கே வெளிப்பட வாய்ப்புண்டு. இதில் கதிர்வீச்சும் கிடையாது.

## படி 1: நீங்கள் எந்த வகை என்று பாருங்கள்

இதில் தவறினால் மற்ற எல்லாப் படிகளும் தவறும்.

அறிகுறி இருப்பவர்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பு புதிதாக உள்ளிழுத்துப் போதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாக மாறுதல், ஆறாத புண், ஒரு மார்பகத்தின் வடிவம் மட்டும் மாறுதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அறிகுறி இல்லாதவர்களுக்கான 'ஸ்கிரீனிங்' வரிசையில் நீங்கள் நிற்கக் கூடாது. முகாம் வரட்டும், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வலியில்லை என்பதால் தள்ளிப்போட வேண்டாம். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அறிகுறி இல்லாதவர்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்குத்தான். படி 2-லிருந்து வரிசையாகப் போங்கள்.

குடும்பத்தில் நோய் இருந்தவர்கள். அம்மா, அக்கா, தங்கை, மகள் ஆகியோரில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், குறிப்பாக ஐம்பது வயதுக்கு முன்பே வந்திருந்தால், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த வயதில் தொடங்குவது, எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் தேவையா என்பது அதைப் பொறுத்து மாறும். "அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று வீட்டில் மூடி வைத்திருப்பார்கள். அத்தையிடமோ பெரியம்மாவிடமோ தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

## படி 2: நர்சம்மாவிடமிருந்து தொடங்குங்கள்

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையால் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசுத் திட்டம். 2016-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கப் போகும் நாளிலேயே, "மார்பகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்" என்று நீங்களாகவே கேளுங்கள். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், ஆஷா பணியாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகிய மூவரில் யாரைக் கேட்டாலும் எந்த நாளில் வரலாம் என்று சொல்வார்கள். பெண் செவிலியர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கையால் பார்ப்பதில் என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 1.5 லட்சம் பெண்கள் இடம்பெற்றார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இல்லை, ஸ்கேன் இல்லை. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. எந்திரம் ஏற முடியாத மலைக்கிராமத்தில் பயிற்சி பெற்ற இரண்டு கைகள் உயிர் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

## படி 3: மேமோகிராம்

அறிகுறி இல்லாத பெண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதற்கு முன் பொதுவாகத் தேவைப்படாது. இது அல்ட்ராசவுண்டுக்கு முன்னால் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அடர்த்தி இதில் மட்டுமே முறையாகத் தெரியும். இரண்டு, மிகத் தொடக்கநிலைப் புற்றுநோய் சில நேரம் மணல்துகள் அளவுள்ள சுண்ணாம்புப் புள்ளிகளாகவே இருக்கும். அவற்றை மேமோகிராம் காட்டும். அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை எடுக்கக் கூடாது.

வெள்ளிமலைப் பக்கத்தவர்களுக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கல்லூரி இது. கருமந்துறைப் பக்கத்தவர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதி. விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் அடுத்த தெரிவுகள். எங்கே போவதானாலும், பஸ் ஏறும் முன் 104 சுகாதார உதவி எண்ணிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கேளுங்கள்: மேமோகிராம் எந்தக் கிழமை எடுக்கிறார்கள், பரிந்துரைச் சீட்டு வேண்டுமா, அதே நாளில் ஸ்கேனும் எடுக்க முடியுமா. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு தங்க வேண்டிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

போகும் நாளுக்கான குறிப்புகள்:

- மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் நல்லது. அப்போது மார்பகத்தில் வலி குறைவாக இருக்கும்.
- பவுடர், வாசனைத் திரவியம், மஞ்சள் எதுவும் மார்பிலும் அக்குளிலும் பூச வேண்டாம். பவுடர் படத்தில் புள்ளியாக விழுந்து குழப்பும்.
- சேலை அல்லது மேலாடை தனியாக உள்ள உடை வசதி. நைட்டி வேண்டாம்.
- பழைய படங்கள், ரிப்போர்ட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பகத்தை அழுத்திப் படம் எடுப்பார்கள். சில நொடிகள் வலிக்கும். அழுத்துவதால் கட்டி உடையாது, நோய் பரவாது.

## படி 4: ரிப்போர்ட்டில் அடர்த்தி எழுத்தைத் தேடுங்கள்

மேமோகிராம் ரிப்போர்ட்டில் அடர்த்தியை நான்கு எழுத்துகளில் குறிப்பார்கள்.

- ஏ: ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு.
- பி: ஆங்காங்கே சுரப்பித் திசு.
- சி: பெரும்பகுதி அடர்த்தி. சிறிய கட்டிகள் மறையலாம்.
- டி: மிக மிக அடர்த்தி. மேமோகிராமின் பார்வை இங்கே நன்றாகக் குறையும்.

சி, டி இரண்டும் 'அடர்த்தியான மார்பகம்'. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் எல்லா மேமோகிராம் மையங்களும் இந்தத் தகவலைப் பெண்ணுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். "என் அடர்த்தி எந்த எழுத்து?" என்று கேளுங்கள். பதிலை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

## படி 5: அல்ட்ராசவுண்ட் வேண்டுமா? பலனையும் பாதகத்தையும் எடைபோடுங்கள்

ஏ, பி வந்து, வேறு ஆபத்துக் காரணமும் இல்லையென்றால் கூடுதல் ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை. சி, டி வந்தவர்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டியது இங்கேதான்.

இதற்கான பெரிய ஆய்வு ஜப்பானில் நடந்தது. 40 முதல் 49 வயது வரையிலான சுமார் 73 ஆயிரம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மேமோகிராம் மட்டும். மற்றொன்றுக்கு அதோடு அல்ட்ராசவுண்டும். 2016-இல் வந்த முடிவின்படி, மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் 117 புற்றுநோய்கள் பிடிபட்டன. இரண்டும் எடுத்த குழுவில் 184. இருக்கும் நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக ஏறியது. ஆசியப் பெண்களிடம் நடந்த ஆய்வு என்பதால் நமக்கு இன்னும் பொருத்தம்.

மறுபக்கமும் உண்டு. புற்றுநோய் இல்லாத 1,000 பேரை எடுத்துக்கொண்டால், மேமோகிராம் மட்டும் எடுத்தபோது சுமார் 86 பேருக்குத் தேவையில்லாமல் சந்தேகம் எழுந்தது. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது அது சுமார் 123 ஆனது. அவர்களுக்கு மறுபடி ஸ்கேன், சிலருக்கு ஊசிப் பரிசோதனை, எல்லோருக்கும் மனக்கலக்கம். சேராப்பட்டிலிருந்து இன்னொரு முறை மலையிறங்குவது டோக்கியோவில் ரயில் ஏறுவதுபோல் எளிதில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-இல், அடர்த்தியான மார்பகம் உள்ள எல்லோருக்கும் கூடுதல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. ஐரோப்பிய மார்பகப் படவியல் சங்கம் 2022-இல், 50 முதல் 70 வயது வரையிலான, மிக அடர்த்தியான மார்பகம் உள்ள பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னது, அது கிடைக்காத இடத்தில் மேமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம் என்றது. நிபுணர்களே ஒரே குரலில் பேசாத விஷயம் இது. நடைமுறையில் இப்படி முடிவெடுக்கலாம்: டி என்றாலோ, சி-யோடு குடும்ப வரலாறும் சேர்ந்தாலோ அல்ட்ராசவுண்டைக் கேட்டுப் பெறுங்கள். சி மட்டும் என்றால், திரும்பவும் வந்துபோக முடியுமா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

## படி 6: சரியான ஸ்கேன் எடுப்பது எப்படி?

கர்ப்ப ஸ்கேனுக்குப் பயன்படும் வளைந்த முனை மார்பகத்துக்கு ஆகாது. அது வயிற்றின் ஆழத்தைப் பார்க்கச் செய்தது. மார்பகத்துக்கு, தோலுக்கு அருகே இருப்பதை நுணுக்கமாகக் காட்டும் தட்டையான முனை வேண்டும். அதன் பெயர் 'லீனியர் ப்ரோப்'. ஸ்கேன் சென்டரில் முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: மார்பக ஸ்கேன் வழக்கமாக எடுக்கிறீர்களா? லீனியர் ப்ரோப் இருக்கிறதா? எடுப்பவர் ரேடியாலஜி டாக்டரா? கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மல்லாந்து படுத்து, பரிசோதிக்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வார்கள். ஜெல் தடவி, காம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்த்து, அக்குளையும் பார்ப்பார்கள். இரண்டு மார்பகங்களுக்கும் சேர்த்துப் பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். அக்குளைப் பார்க்காமல் முடித்தால், "அங்கேயும் பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். ஆண் டாக்டர் என்றால் பெண் உதவியாளர் உடனிருக்கக் கேட்கலாம்.

சர்க்கரை பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறி வருகிறார்களே, சின்ன ஸ்கேன் கருவியையும் அப்படிக் கொண்டுவரக் கூடாதா என்று கேட்கலாம். தடுப்பது சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின் கீழ், ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். 2012-இல் சேர்த்த விதியின்படி, கையடக்கக் கருவியை மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே பயன்படுத்துவதென்றால், பல மருத்துவ சேவைகளோடு இயங்கும் பதிவுபெற்ற நடமாடும் மருத்துவப் பிரிவில்தான் முடியும். பெண் சிசுவைக் காக்க வந்த இந்தக் கட்டுப்பாடு தேவையானதே. அதன் விலையாக, மலைப் பெண் ஸ்கேனைத் தேடித் தானே இறங்க வேண்டியிருக்கிறது. யாராவது தனியாளாக ஊருக்குள் கருவி கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தால் அங்கே போகாதீர்கள்.

உடம்புச் சூட்டை வைத்துப் புற்றுநோய் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் வெப்பப் படங்களும் முகாம்களில் வருவதுண்டு. மேமோகிராமுக்கோ அல்ட்ராசவுண்டுக்கோ அவை மாற்று ஆகா.

## படி 7: ரிப்போர்ட்டின் எண்ணைப் படியுங்கள்

ரிப்போர்ட்டின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை அதுதான் சொல்கிறது.

- 0: படம் போதவில்லை. இன்னொரு பரிசோதனையோ பழைய படமோ வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று இதைப் படித்துவிடாதீர்கள்.
- 1: இயல்பு.
- 2: நீர்க்கட்டி போன்ற, புற்றுநோய் அல்லாத மாற்றம்.
- 3: அநேகமாகத் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறு ஸ்கேன்.
- 4: சந்தேகம். ஊசிப் பரிசோதனை தேவை. இதில் 4ஏ, 4பி, 4சி என்று சந்தேகம் ஏறிக்கொண்டே போகும். 4 வந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனாலும் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.
- 5: புற்றுநோயாக இருக்க 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு. தாமதிக்கவே கூடாது.
- 6: ஏற்கெனவே உறுதியான புற்றுநோய்.

மலையில் அதிகம் கைவிட்டுப் போவது எண் 3. ஆறு மாதம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்? காபித் தோட்ட வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களில் தேதி தப்பிவிடும். ரிப்போர்ட் வாங்கிய அன்றே மறு ஸ்கேன் தேதியைச் செல்பேசியில் பதிந்துவிட்டு, நர்சம்மாவின் பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது, ஆனால் ஸ்கேன் இயல்பு என்று வந்தால், அங்கேயே நின்றுவிடக் கூடாது. ரிப்போர்ட்டோடு அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்த்துக் கட்டியைத் தொட்டுக் காட்டுங்கள்.

## படி 8: ஊசிப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம்

"ஊசி போட்டா கட்டி கிளறிப் பரவிடும்" என்ற பேச்சால் பின்வாங்குபவர்கள் உண்டு. அந்தப் பயத்தால் சிகிச்சை தள்ளிப்போவதுதான் உண்மையான ஆபத்து. மரத்துப்போக மருந்து செலுத்தி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியால் சில துணுக்குத் திசுக்களை எடுப்பார்கள். 'கோர் பயாப்சி' என்பது இதன் பெயர். அன்றே வீடு திரும்பலாம். என்ன வகைப் புற்றுநோய், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை இந்தத் துணுக்கு சொல்லிவிடும். ஊசிப் பரிசோதனை செய்யாமலேயே "கட்டியை வெட்டி எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

## படி 9: புற்றுநோய் என்று உறுதியானால்

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, முதலில் மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதிப்பட வேண்டும் என்கிறது. அந்த 60 நாளை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை இப்போதே தயார் செய்யுங்கள். நோய் வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவது பெரும்பாடு. சிகிச்சைக்கு, ஜிப்மர், காஞ்சிபுரம் காரைப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை உண்டு. எல்லோருக்கும் மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்குக் கட்டியை மட்டும் நீக்கி, கதிர்வீச்சு கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்ற முடியும்.

## அடிக்கடி எழும் கேள்விகள்

பால் கொடுக்கும்போது கட்டி வந்தால்? பெரும்பாலும் பால் கட்டியோ சீழோதான். மருந்து சாப்பிட்டு இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் ஸ்கேன் எடுங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

முப்பதுக்குக் கீழே கட்டி இருந்தால்? அந்த வயதில் முதல் பரிசோதனையே அல்ட்ராசவுண்ட்தான். கர்ப்பமாக இருந்தாலும் பாதுகாப்பாக எடுக்கலாம்.

அடர்த்தியைக் குறைக்க மருந்தோ பத்தியமோ உண்டா? அதற்கென்று எதையும் சாப்பிட வேண்டாம். அடர்த்தி உடம்பின் அமைப்பு, கண்காணித்தால் போதும்.

ஒருமுறை எடுத்தால் போதுமா? போதாது. இன்றைய இயல்பு என்பது இன்றைக்கு மட்டும்தான். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை உங்கள் வயதையும் அடர்த்தியையும் வைத்து மருத்துவர் சொல்வார். இடையில் மாற்றம் தெரிந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

## கையில் இருக்க வேண்டிய கோப்பு

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்கள், மேமோகிராம் படமும் ரிப்போர்ட்டும், ஸ்கேன் ரிப்போர்ட், ஊசிப் பரிசோதனை முடிவு இருந்தால் அதுவும். மேலே ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: அடர்த்தி எழுத்து, பை-ராட்ஸ் எண், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது, அடுத்த பரிசோதனைத் தேதி. பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் புதிய மாற்றத்தை மருத்துவர் கண்டுபிடிக்கிறார். அதனால் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டோடு படத்தையும் கேட்டு வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.